வரியில் இடுதல்

சோழர் கால நில நிர்வாகத்தில் ‘வரியிலிடு’ என்ற பெயரில் ஓர் அதிகாரி இருந்தார். நிலவரியைக் கவனித்துவந்த புரவுவரித் திணைக்களத்தில் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரிப்பொத்தகக் கணக்கு, பட்டோலை என்று பதவிகள் நீண்டுபோகும். அவற்றுள் வரியிலிடு செய்த வேலை, ஆணை பிறந்த நிலத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது. தமிழில் வரி என்றால் இறையும்தான், எழுதிய வரியும்தான். இன்றைய கணினிக்காரர் அந்தப் பதவிப் பெயரைப் படித்தால், தரவுத்தளத்தின் ‘இன்சர்ட்’ கட்டளைக்கு யாரோ வைத்த தமிழ்ப் பெயர் என்றே நினைப்பார். அப்படி நினைத்தால் பெரிய பிழையும் இல்லை. ஒரு நிலத்தை வரியில் இடப் போகும்போது அதே நிலம் வேறொரு வரியில் முன்பே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? வரிப்பொத்தகம் வைத்திருந்தவர்களுக்கும், பின்னாளில் கிராமக் கணக்கு எழுதிய கர்ணங்களுக்கும் வந்த இந்தக் கேள்விதான் இப்போது மைசீக்குவல், போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள்களுக்கும் வருகிறது. இடையில் ஆயிரம் ஆண்டு ஓடியிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரையை வைத்து இந்தக் கதையைத் தொடரலாம். வக்கிரகாளியம்மனுக்காகப் பௌர்ணமிதோறும் கூட்டம் சேரும் ஊர். ஊரை ஒட்டிய மேட்டில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா 1781-இல் அவற்றைப் பார்த்து எழுதினார். சந்திரமௌலீசுவரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. முதலாம் ராஜராஜனின் 16-ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1001-ஐ ஒட்டிய திருப்பணி அது. ராஜராஜன் நாட்டை அளக்கச் செய்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். வேலியை மாவாகவும் காணியாகவும் முந்திரியாகவும் பிரித்து, முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி வரை இறங்கிய கணக்கு அது. பரப்பைச் சொல்வதில் இவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள், நிலத்தை அடையாளம் சொல்ல இரண்டு வழி வைத்திருந்தார்கள்.

முதல் வழி நான்கெல்லை. கிழக்கே இன்னாருடைய நிலம், தெற்கே இந்த ஏரிக்கரை, மேற்கே இந்தப் பெருவழி, வடக்கே இந்த வாய்க்கால் என்று சுற்றிவந்து, அதற்குள் அகப்பட்ட நிலம் என்று முடிப்பது. கல்வெட்டில் வாசிக்கச் சுகமாக இருக்கும், பதிவேட்டுக்கு உதவாது. பக்கத்து நிலத்துக்காரர் இறந்து பெயர் மாறினால் இந்த நிலத்தின் அடையாளமும் மாறிவிடும். வாய்க்கால் தூர்ந்தால் ஒரு பக்கமே காணாமல் போய்விடும். ஒரே நிலத்தை இருவர் இரண்டு விதமாக வர்ணித்து இரண்டு வரியாக ஏற்றினாலும், எழுத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தரவுத்தளப் பாடத்தில் பெயரையும் முகவரியையும் திறவுகோலாக, அதாவது ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டும் கட்டமாக, வைக்காதே என்று மாணவருக்குச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாம் வழி பிரமதேய ஊர்களின் நீர்ப்பாசன நிலத்தில் கிடைக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம் என்று நிலம் குறிக்கப்படுகிறது. வதி வடக்குத் தெற்காக ஓடும், வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும். அந்தக் கட்டத்துக்குள் கண்ணாறும் சதுரமும் வரிசை எண்கள். உடைமையாளர் யாராக இருந்தாலும் அந்த நான்கு விவரங்கள் சேர்ந்த முகவரி மாறாது. ஒரு சபையின் எல்லைக்குள் அந்தச் சேர்க்கை இன்னொரு நிலத்துக்கு வரவும் வராது. பல விவரங்களைக் கூட்டி ஒரே அடையாளமாக்கும் இந்த முறையைக் கணினியில் கூட்டுத் திறவுகோல் என்பார்கள். தமிழ்நாட்டில் அதற்குக் குறைந்தது ஆயிரம் ஆண்டு வயது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அது ஆற்றுப் பாசன ஊருக்கும் ஏரிப் பாசன ஊருக்கும் பொருந்திய முறை. செம்மண் மேடும் மானாவாரிப் புன்செயும் கலந்த பகுதியில் வதியும் கண்ணாறும் ஏது?

ஆணை பிறப்பதும் வரியில் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை என்பதையும் சோழர் ஆவணங்களே காட்டுகின்றன. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த ராஜராஜனின் ஆணை, லெய்டன் செப்பேட்டின்படி, சொல்லப்பட்டுச் சில நாள் கழித்தே வரியில் இடப்பட்டது. ஏற்றும்போது உடனிருந்த அதிகாரிகளின் பட்டியல் நீளமானது. அத்தனை பேர் பார்த்துக் கையெழுத்திடுவதற்குக் காரணம் சடங்கு மட்டும் அல்ல. எண் இல்லாத பதிவேட்டில் இரட்டை வரியைத் தடுக்கக்கூடியது மனிதர்களின் ஞாபகம் ஒன்றுதான். ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் சொல்வார் அல்லவா?

கர்நாடகப் பகுதி 1801-இல் கம்பெனியின் கைக்கு வந்தபோது தென்னார்க்காடும் அதில் சேர்ந்தது. தொடக்கத்தில் நடந்த அளவைக்குப் பைமாஷ் என்று பெயர். பாரசீகத்தில் அளத்தல் என்று பொருள். வயல்களுக்கு எண் கொடுத்தார்கள், ஆனால் அந்த எண்ணைத் தரையோடு சேர்த்துக் கட்டும் சரியான வரைபடம் இல்லை. எண் காகிதத்தில் இருந்தது, வயல் வெளியில் இருந்தது, இரண்டையும் இணைத்தவர் கர்ணம். பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் என்று பார்த்து இன்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இந்த இடைவெளிக்குத்தான் விலை கொடுக்கிறார்கள்.

சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை 1858-இல் முறையாகத் தொடங்கியது. ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு உழவரிடமும் நேராகத் தீர்வை வாங்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு புலத்துக்கும் எண்ணும் கல்லும் படமும் தேவைப்பட்டன. புலத்தின் மூலைகளில் கல் நட்டார்கள். மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் முச்சந்திக் கல் வந்தது. புலப்படம் வரையப்பட்டது. ஒரு கிராமத்துக்குள் 1 முதல் தொடங்கி எண் ஓடியது. ஒரே எண் அந்தக் கிராமத்தில் இரண்டு இடத்துக்கு இல்லை. அடுத்த கிராமத்தில் மறுபடி 1-இலிருந்து தொடங்கலாம். ஆகவே புல எண் தனியாக எதையும் குறிக்காது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று ஐந்தும் சேர்ந்தால்தான் நிலம் கிடைக்கும். கிராமப் பெயரும் நம்பத்தக்கது அல்ல, ஒரே பெயரில் பல ஊர் உண்டு. இந்தப் பக்கத்து மேல்மலையனூர், கீழ்ப்புத்துப்பட்டு போன்ற பெயர்களில் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டிருப்பது பேச்சு வழக்கு கண்ட தீர்வு. வருவாய்த் துறை தன் பங்குக்குக் கிராமங்களுக்கும் வரிசை எண் கொடுத்தது. இன்றும் பத்திரத்தில் கிராமப் பெயருக்கு முன்னால் அந்த எண் நிற்கிறது.

இந்தக் கட்டமைப்பின் மேல் எழுந்தவைதான் கிராமக் கணக்குகள். அவற்றில் இரண்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இரட்டைத் திறவுகோல் பிரச்சினைக்கு இரண்டும் இருவேறு விடை சொல்கின்றன.

அ-பதிவேடு நிலத்தின் பதிவேடு. ஒவ்வொரு வரியும் ஓர் உட்பிரிவு. பழைய புல எண், நன்செயா புன்செயா, மண் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பெயர் என்று கட்டங்கள் போகும். பட்டா நிலம் மட்டும் அல்ல, பாதை, ஏரி, ஓடை, களம், மேய்ச்சல் என எல்லாப் புறம்போக்கும் இதில் வரும். கல்லாகிப்போன மரம் கிடக்கும் மேட்டுக்கும் ஏதோ ஒரு புல எண் உண்டு. இந்தப் பதிவேட்டில் ஒரே உட்பிரிவு இரண்டு முறை வரவே கூடாது. வந்தால் கிராமத்தின் மொத்தப் பரப்பு கூட்டலில் கூடிப்போகும்.

சிட்டா உடைமையாளரின் கணக்கு. கிராமக் கணக்குகளில் 10-ஆம் எண். இங்கே திறவுகோல் பட்டா எண். ஒரு கிராமத்தில் ஒருவருக்கு எத்தனை துண்டு நிலம் இருந்தாலும் எல்லாம் அவருடைய ஒரே பட்டா எண்ணின் கீழ் வரும். இப்போது 84/2 என்ற புலத்தை ஒருவர் புதிதாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தக் கிராமத்தில் ஏற்கெனவே பட்டா இல்லையென்றால், கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணில் புதிய பட்டா பிறக்கும். ஏற்கெனவே பட்டா இருந்தால் புதிய எண் கிடையாது. பழைய பட்டாவின் கீழ் 84/2 ஒரு வரியாகச் சேரும், மொத்தப் பரப்பும் தீர்வையும் திருத்தப்படும். இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து. கர்ணங்கள் மூன்று தலைமுறையாக மைக்கூட்டை வைத்துக்கொண்டு செய்த இந்தக் காரியத்தைக் கணினி உலகம் ‘அப்டேட்’, ‘இன்சர்ட்’ என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி ‘அப்சர்ட்’ என்கிறது. மைசீக்குவலின் 4.1 பதிப்பில் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’ என்ற சொற்றொடராக அது வந்தது. போஸ்ட்கிரெஸுக்கு ‘ஆன் கான்ஃபிளிக்ட்’ என்ற வடிவத்தில் 9.5 பதிப்போடு 2016 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது.

கர்ணத்தின் முறையில் ஒரு பலவீனம் இருந்தது. வந்திருப்பவர் ஏற்கெனவே பட்டா உள்ள அதே ஆள்தான் என்று எப்படித் தெரியும்? பதிவேட்டில் இருப்பது பெயரும் தந்தை பெயரும். கோவிந்தன் மகன் முருகன் ஒரே தெருவில் இரண்டு பேர் இருக்கலாம். கர்ணம் முகம் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் பதவியில் இருக்கும்வரை அது செல்லும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் முழுப்பெயரோடும் இன்னொன்றில் வீட்டுப் பெயரோடும் வந்தால் அவருக்கு இரண்டு பட்டா எண் விழுந்துவிடும். திறவுகோல் எவ்வளவு கறாராக இருந்தாலும், அதற்கு முன்னால் இருக்கும் ஆளடையாளம் தளர்வாக இருந்தால் இரட்டை வரி வேறு வாசலால் வந்துவிடுகிறது.

உட்பிரிவு எண்களில் நில அளவைத் துறை ஏற்படுத்திய வழக்கம் இதைவிட உறுதியானது. 84/2 இரண்டாகப் பிரிந்தால் 84/2ஏ, 84/2பி என்று இரண்டு எண் பிறக்கும். 84/2ஏ மறுபடி பிரிந்தால் 84/2ஏ1, 84/2ஏ2. எண்ணும் எழுத்தும் மாறி மாறி நீளும். பிரிந்த பிறகு தாய் எண்ணான 84/2 உயிரோடு இருக்காது. பாதியை விற்றவர் மீதியை 84/2 என்றே வைத்துக்கொள்ள முடியாது. அப்படி விட்டால் நேற்றைய பத்திரத்தில் இருக்கும் 84/2 முழுப் புலத்தைக் குறிக்கும், இன்றைய பத்திரத்தில் இருக்கும் 84/2 பாதியைக் குறிக்கும். ஒரே திறவுகோலுக்கு இரண்டு நிலம். ஒருமுறை பயன்பட்ட எண்ணை வேறு பொருளில் திரும்பப் பயன்படுத்தாதே என்று தரவுத்தள வடிவமைப்பாளர்கள் இன்று வற்புறுத்துவது இதைத்தான். நில அளவர்கள் அதைச் சங்கிலியும் கையுமாகக் கண்டுகொண்டார்கள்.

ஆனால் பதிவேட்டுக்கு இரண்டு பிரதி இருந்தது: ஒன்று கிராமத்தில், ஒன்று தாலுக்கா அலுவலகத்தில். ஒன்றில் ஏறிய திருத்தம் மற்றதில் ஏறத் தாமதமானால், ஒரே உட்பிரிவு எண் இரண்டு துண்டுக்குக் கொடுக்கப்படும் அபாயம் உண்டு. அதைப் பிடிக்கத்தான் ஜமாபந்தி. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி ஆண்டின் இறுதியை ஒட்டி, தாலுக்கா அலுவலகத்தில் எல்லாக் கிராமக் கணக்கும் விரிக்கப்பட்டு ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். பரப்பு கூடினாலோ குறைந்தாலோ கர்ணம் பதில் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நடந்த ஒருமைச் சோதனை இது. வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில் இப்போதும் நடக்கிறது. மக்களின் நினைவில் அது மனுக் கொடுக்கும் நாளாக மட்டும் சுருங்கிப்போனது ஒரு குறைதான்.

பகுதி நேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. கர்ணமும் மணியக்காரரும் போய்க் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரம்பரை ஆதிக்கம் முடிந்ததில் வருத்தப்பட ஏதும் இல்லை. ஆனால் எந்த முருகனுக்கு எந்தப் பட்டா என்ற ஞாபகமும் கூடவே போயிற்று. அந்தக் கைமாற்றம் நடந்தது, பதிவேடு முழுவதையும் திருப்பி எழுதும் பெரும்பணி ஒன்றின் நடுவில்.

அந்தப் பணிதான் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். ஊர்ப் பேச்சில் யு.டி.ஆர். 1979 ஜூன் 1-இல் தொடங்கி 1987 ஏப்ரல் 30-இல் முடிந்தது. தீர்வை நிர்ணயித்த பழைய நிலவரித் திட்டக் காலத்துக்குப் பின் பாகப்பிரிவினையும் விற்பனையும் ஆயிரக்கணக்கில் நடந்திருந்தும், பதிவேட்டில் பாட்டன் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய், யார் அனுபவத்தில் எது இருக்கிறது என்று விசாரித்து, உட்பிரிவு செய்து, புதிய பட்டா எண் கொடுத்து, ஏக்கர் செண்டை ஹெக்டேர் ஏராக மாற்றிப் புதிய அ-பதிவேடு எழுதினார்கள். தேவையான வேலை. செய்த விதம்தான் கவனிக்கத்தக்கது. பழைய வரியைத் திருத்தாமல், அதை ஓரம் வைத்துவிட்டுப் புதிய வரி எழுதப்பட்டது.

மைசீக்குவலில் ‘ரீப்ளேஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. திறவுகோல் மோதினால் பழைய வரியை முழுதாக அழித்துவிட்டுப் புதியதை எழுதும். பார்க்கத் திருத்தம் மாதிரி இருக்கும், நடப்பது அழிப்பு. புதிய வரியில் நிரப்பாமல் விட்ட கட்டங்களில் பழைய மதிப்பு தங்காது. பழைய வரியைச் சார்ந்து வேறு அட்டவணையில் இருந்த வரிகளும், அமைப்பைப் பொறுத்து, கூடவே போகலாம். அனுபவமுள்ளவர்கள் இதைத் தொடத் தயங்குவார்கள். யு.டி.ஆர். காலத்தில் பட்டணத்தில் வேலைக்குப் போயிருந்தவரின் நிலம் விசாரணை நாளில் அங்கிருந்த பங்காளியின் பெயரில் ஏறியது உண்டு. கூட்டுப் பட்டாவில் ஒரு பெயர் விடுபட்டது உண்டு. பக்கத்துப் புலங்களின் பெயர்கள் இடம் மாறியதும் உண்டு. நல்ல வேளையாக, பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள் எரிக்கப்படவில்லை. எஸ்.எல்.ஆர். எனப்படும் அவற்றின் நகல் கேட்டு அலுவலகத்துக்கு நடப்பவர்கள் தேடுவது, அழிந்ததாக நினைத்த அந்தப் பழைய வரியைத்தான். இந்தப் பிழைகளைத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்தும் அந்த மனுக்கள் வந்துகொண்டிருப்பதே அந்த முறையைப் பற்றிய தீர்ப்பு.

நத்தம் இந்தக் கணக்கில் சேராத தனிக் கதை. குடியிருப்புப் பகுதி முழுவதும் பெரும்பாலும் ஒரு பெரிய புல எண்ணுக்குள் அடங்கியிருந்தது. உள்ளே இருந்த வீடுகளுக்குத் தனி எண்ணும் இல்லை, பட்டாவும் இல்லை. தரவுத்தளத்தில் திறவுகோல் கட்டம் வெறுமையாக இருந்தால் இரட்டை என்ற சோதனையே அதன் மேல் வேலை செய்யாது. வெறுமையும் வெறுமையும் ஒன்று என்று தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் ஒப்புக்கொள்வதில்லை. நத்தம் நிலவரித் திட்டம் வந்து மனைகளை அளந்து எண் கொடுக்கும்வரை, ஒரே வீட்டு மனைக்கு நான்கு பங்காளிகள் நான்கு பத்திரம் வைத்திருந்தாலும் வருவாய்ப் பதிவேடு அதை அறியாது.

இதுவரை சொன்னது வருவாய்த் துறையின் பதிவேடு. பத்திரப் பதிவுத் துறையின் பதிவேடு முற்றிலும் வேறு தத்துவத்தில் எழுந்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணத்துக்குத்தான் எண், நிலத்துக்கு அல்ல. அலுவலகம், புத்தகம், ஆண்டு, வரிசை எண் ஆகியவை சேர்ந்தால் ஆவணம் கிடைத்துவிடும். ஆவண எண் இரண்டாவது முறை வராது. ஆனால் ஒரே 84/2-ஐ ஒருவர் இரண்டு பேருக்கு விற்று இரண்டு பத்திரம் பதிந்தால் இரண்டும் வெவ்வேறு எண்ணில் ஏறிக்கொள்ளும். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல. ஒற்றைத் தன்மைக் கட்டுப்பாட்டைத் தவறான கட்டத்தின் மேல் வைத்த அட்டவணை என்று கணினிக்காரர் இதைச் சொல்லக்கூடும். சட்டம் எழுதியவர்களின் நோக்கம் வேறு: நடந்த பரிமாற்றத்தை எல்லாரும் பார்க்கும்படி பதிந்து வைப்பது. யார் சொந்தக்காரர் என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டார்கள்.

அப்படி இரண்டு பத்திரம் மோதினால் எது வெல்லும்? முந்தியது வெல்லும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. முந்தியது எது என்பதில்தான் சிக்கல். பதிவுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, பதிவான ஆவணம் பதிவான நாளிலிருந்து அல்ல, எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்தே செயல்படத் தொடங்கும். எழுதிய ஆவணத்தைப் பதிவுக்குக் கொண்டுவர 4 மாதம் அவகாசம் உண்டு. ஜனவரியில் ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தவர், பிப்ரவரியில் அதே நிலத்தை இன்னொருவருக்கு எழுதி அன்றே பதிவும் செய்கிறார் என்று கொள்வோம். மார்ச்சில் வில்லங்கச் சான்று எடுத்தால் பிப்ரவரிப் பத்திரம் மட்டுமே தெரியும். முதலாமவர் ஏப்ரலில் பதிந்தால் அவருடைய பத்திரம் ஜனவரியிலிருந்தே உயிர் பெறும், இரண்டாமவர் கையில் இருப்பது வெறும் தாளாகிவிடும்.

இந்த இடைவெளியைத் தரவுத்தள வல்லுநர்கள் நன்கு அறிவார்கள். ஒரு நிரல் முதலில் இந்த எண் இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லை என்று பதில் வந்ததும் சேர்க்கப் போகிறது. கேட்டதற்கும் சேர்த்ததற்கும் நடுவில் இருக்கும் அரை நொடியில் இன்னொரு நிரல் அதே எண்ணைச் சேர்த்துவிட்டிருக்கும். வில்லங்கச் சான்று பார்த்து நிலம் வாங்குவது போலத்தான் இதுவும். பார்த்த நேரத்து உண்மை, வாங்கும் நேரத்து உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே முன்கூட்டிக் கேட்பதை நம்பாமல், திறவுகோலின் மேல் ஒற்றைத் தன்மைக் கட்டுப்பாட்டை வைத்து, சேர்த்துப் பார்த்து, மோதினால் கையாள்வதே முறை. மைசீக்குவல் அப்போது 1062 என்ற பிழை எண்ணைக் கொடுக்கும், போஸ்ட்கிரெஸ் 23505 என்று சொல்லும்.

மோதிய பின் செய்யக்கூடியவை சில வழிகள்தான். பிழை சொல்லி மறுப்பது பழைய, நேர்மையான வழி. ‘இன்சர்ட் இக்னோர்’ போட்டால் பழையது நிற்கும், புதியது ஓசையில்லாமல் விழும். ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றும் இடங்களில் இது வசதி, புதிய தகவல் முக்கியமான இடத்தில் ஆபத்து. ‘ரீப்ளேஸ்’ பற்றி முன்பே சொல்லப்பட்டது. ‘அப்சர்ட்’ சிட்டாவின் வழி. எஸ்கியூஎல் தரநிலையில் 2003-இல் சேர்ந்த ‘மெர்ஜ்’ கட்டளை, ஒரு முழுப் பட்டியலையே இன்னொன்றோடு ஒப்பிட்டு, இருப்பதைத் திருத்தி இல்லாததைச் சேர்க்கும். ஜமாபந்தி மேசையில் இரண்டு பிரதியை விரித்துவைத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான திறவுகோல் கருத்தை எட்கர் காட் என்ற ஐபிஎம் ஆய்வாளர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் கணித மொழியில் வரையறுத்தார்.

தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானபோது, திருவக்கரை நிலங்களின் ஐந்து கட்டத் திறவுகோலில் முதல் கட்டம் மாறியது. புல எண்கள் அப்படியே இருந்தன. பழைய பத்திரத்தில் தென்னார்க்காடு ஜில்லா என்றும் புதியதில் விழுப்புரம் மாவட்டம் என்றும் இருக்கும் ஒரே புலத்தை வாசகர் எளிதில் இணைத்துக்கொள்வார். கணினிக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சில மைல் தள்ளி எல்லையைத் தாண்டினால் சிக்கல் இன்னும் சுவையானது. வானூர் வட்டத்தோடு பின்னிக் கிடக்கும் புதுச்சேரிக் கொம்யூன்களில் பிரெஞ்சு ஆட்சி தனியாக அளந்து கொடுத்த கதஸ்தர் எண் ஒன்று, பின்னாளைய மறு அளவையின் ஆர்.எஸ். எண் ஒன்று என ஒரே நிலத்துக்கு இரண்டு திறவுகோல். பத்திரம் எழுதுபவர் இரண்டையும் எழுதிவிடுகிறார். திருவக்கரைப் பக்கத்தில் பழைய எண்ணுக்கு அ-பதிவேட்டிலேயே ஒரு கட்டம் இருப்பதால் அந்த வேலையைப் பதிவேடு பார்த்துக்கொள்கிறது.

கைப்பிரதிகள் கணினிக்கு ஏறியபோது, தாளில் ஒளிந்திருந்த இரட்டை வரிகள் வெளியே வந்தன. தாள் எதையும் ஏற்றுக்கொள்ளும். ஒற்றைத் தன்மைக் கட்டுப்பாடு வைத்த அட்டவணை ஏற்காது. ‘தமிழ் நிலம்’ மென்பொருளில் பட்டா மாறுதல் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டது. முழுப்புல மாறுதலில் வரி அப்படியே இருக்கப் பெயர் மட்டும் மாறும். உட்பிரிவு மாறுதலில் நில அளவர் வந்து அளந்து புதிய எண் கொடுத்த பிறகே வரி பிறக்கும். பதிவுத் துறைக் கணினியோடு இணைப்பு வந்த பின், முழுப்புலக் கிரயங்களில் பத்திரம் பதிந்ததும் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடும் வந்தது. பொருந்தாத இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே போட்ட பாலம் அது. அரசு நிலம், கோயில் நிலம் போன்றவற்றின் புல எண்களுக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்ஜியமாக வைத்துப் பதிவைத் தடுக்கும் வழக்கமும் உண்டு. பத்திர எழுத்தர்கள் இதை ‘ஜீரோ வேல்யூ’ என்பார்கள். இரட்டை வரும் முன்பே வாசலை அடைக்கும் முறை அது. ஒரு பெரிய புலத்தில் சில செண்டு மட்டும் கோயிலுடையதாக இருந்தாலும் எண் முழுவதும் பூட்டிக்கொள்ளும் என்பது அதன் குறை.

2021-இல் மத்திய அரசு ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் 14 இலக்கத் தனி அடையாளம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பூ-ஆதார் என்பது அதன் வழக்குப் பெயர். நிலத்தின் மூலைகளுடைய அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. மாவட்டம் பிரிந்தாலும் வட்டம் மாறினாலும் அந்த எண் மாறத் தேவையில்லை. வதியும் வாய்க்காலும் சொன்ன இடக்குறிப்பு, புல எண்ணாகி, மறுபடி இடக்குறிப்பாகவே திரும்பியிருக்கிறது.

இவை எல்லாம் வந்தும் பட்டா உரிமை ஆவணம் அல்ல என்ற நீதிமன்றங்களின் நிலை மாறவில்லை. அ-பதிவேட்டில் ஒரே வரி இருப்பதால் அந்த வரியில் இருக்கும் பெயர் சரி என்று ஆகிவிடாது. திருவக்கரையிலோ வேறெங்கோ நிலம் வாங்குபவர் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் ஐந்தையும் ஒரே மேசையில் விரித்து, உட்பிரிவு எண்ணின் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரிந்துபோன புலத்தின் தாய் எண்ணை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் பத்திரத்தை வைத்துக்கொண்டு யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது.